இரத்த செல்லிலும் உண்டு ஹிட்டன் ஃபைல்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் மூன்று ஃபைல்கள்தான் தெரிகின்றன. அதே ஃபோல்டரின் ப்ராபர்ட்டீஸ் பார்த்தால் ஐந்து ஃபைல்கள் என்று காட்டுகிறது. மீதி இரண்டு எங்கே போயின? எங்கும் போகவில்லை. டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. கண்ணில் படக்கூடாது என்று அவற்றுக்கு ஓர் அடையாளம் இடப்பட்டிருக்கிறது. இவற்றைத்தான் ஹிட்டன் ஃபைல் என்கிறோம்.

இதே போன்ற ஏற்பாடு நம் உடம்பின் செல்களிலும் இருக்கிறது. எலும்புக்குள் இருந்துகொண்டு வாழ்நாள் முழுவதும் இரத்தம் தயாரிக்கும் ஸ்டெம் செல்கள் எவ்வளவு பெருகலாம், எப்போது பெருகுவதை நிறுத்திவிட்டு இரத்த அணுவாக மாறலாம் என்பதில் இந்த அடையாளங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அடையாளம் இடும் வேலை கெட்டால் அது இரத்தப் புற்றுநோய் வரை போகலாம். அந்த அடையாளங்களைக் குறைக்கும் மருந்து ஒன்று 2004 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இவற்றைப் பற்றிய படிப்புக்கு எபிஜெனடிக்ஸ் என்று பெயர்.

நான் டாக்டர் அல்ல, சாஃப்ட்வேர் என்ஜினீயர். என் பெரியப்பாவின் மருத்துவ ரிப்போர்ட்டில் இந்தச் சொற்கள் வந்ததால் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, ஃபைல், ஃபோல்டர் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும் என்று தெரிந்தது. எனவே கம்ப்யூட்டரிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் ஒரு சிறு சோதனை

1. டெஸ்க்டாப்பில் புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கவும். அதைத் திறந்து, காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ மெனுவில் டெக்ஸ்ட் டாகுமெண்ட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அந்த ஃபைலில் நான்கு வரிகள் டைப் செய்து சேவ் செய்திடவும்.

2. ஃபைலின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் விண்டோவின் கீழ்ப்பகுதியில் ரீட் ஒன்லி, ஹிட்டன் என இரண்டு கட்டங்கள் இருக்கும். ஹிட்டன் எதிரே டிக் அடையாளம் ஏற்படுத்தி ஓகே கிளிக் செய்திடவும். ஃபைல் மறைந்துவிடும்.

3. இனி வியூ மெனுவில் ஷோ பிரிவுக்குச் சென்று ஹிட்டன் ஐட்டம்ஸ் என்பதை டிக் செய்திடவும். ஃபைல் மங்கலாகத் தெரியும். திறந்து பாருங்கள். நீங்கள் எழுதிய நான்கு வரிகளும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கும்.

4. மங்கலாகத் தெரியும் ஃபைலைக் காப்பி செய்து வேறொரு ஃபோல்டரில் பேஸ்ட் செய்திடவும். நகலும் மங்கலாகவே இருக்கும். ஃபைலோடு அடையாளமும் சேர்ந்து நகலாகிவிட்டது.

சோதனை முடிந்ததும் டிக் அடையாளத்தை எடுத்துவிட மறக்காதீர்கள். இதிலிருந்து நினைவில் கொள்ள வேண்டியவை மூன்று. அடையாளம் இட்டதால் உள்ளே இருக்கும் எழுத்து மாறவில்லை. அடையாளத்தைத் திரும்ப எடுக்க முடியும். நகல் எடுத்தால் அடையாளமும் கூடவே போகும். கட்டுரை முழுவதும் இந்த மூன்றும் நமக்குத் தேவைப்படும்.

ஒரு செல்லில் எவ்வளவு டேட்டா?

செல்லின் டிஸ்க் டி.என்.ஏ. அதில் ஏ, டி, சி, ஜி என்று நான்கே எழுத்துகள். ஒரு முழுத் தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. நான்கு எழுத்துகளில் ஒன்றைக் குறிக்க 2 பிட் போதும். அப்படியானால் 600 கோடி பிட், அதாவது 75 கோடி பைட். பழைய சிடி ஒன்றின் கொள்ளளவு 700 எம்பி. ஆக, ஒரு மனிதனை உருவாக்கும் தகவல் ஏறத்தாழ ஒரு சிடிக்குள் அடங்கிவிடும்! தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நம்மிடம் இரண்டு தொகுப்புகள் உண்டு.

இந்த டிஸ்க்கில் உள்ள ஃபைல்கள்தான் ஜீன்கள். புரதம் தயாரிக்கும் ஜீன்கள் மட்டும் சுமார் 20,000. தோல் செல், நரம்பு செல், ஈரல் செல் என எதை எடுத்தாலும் டிஸ்க் ஒன்றுதான். முதிர்ந்த சிவப்பணு ஒரு விதிவிலக்கு. அது டிஸ்க்கையே வெளியே தள்ளிவிட்டு ஆக்சிஜன் சுமக்கப் போய்விடுகிறது.

டிஸ்க் ஒன்றே என்றால் தோல் ஏன் தோலாக இருக்கிறது, ஈரல் ஏன் ஈரலாக இருக்கிறது? ஈரல் செல்லில் ஈரலுக்கு வேண்டிய ஃபைல்கள் திறந்திருக்கின்றன; வேண்டாத பல ஃபைல்கள் மூடப்பட்டிருக்கின்றன. எழுத்தை மாற்றாமல் எழுத்துக்கு மேலே இடப்படும் இந்த அடையாளங்களின் இயல்தான் எபிஜெனடிக்ஸ். எபி என்றால் கிரேக்க மொழியில் மேலே என்று பொருள். 1942-ல் இந்தச் சொல்லை அறிமுகப்படுத்தியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி கான்ராட் வாடிங்டன்.

அடையாளம் எப்படி இடப்படுகிறது?

முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது மெத்தில் அடையாளம். ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த சிறு துணுக்கு இது. சி என்ற எழுத்தின் மீது ஒட்டிக்கொள்ளும். அடுத்த எழுத்து ஜி ஆக இருக்கும் இடங்களில்தான் பெரும்பாலும் ஒட்டும். ஒரு தொகுப்பில் இப்படிப்பட்ட இடங்கள் 2 கோடியே 80 லட்சம் அளவுக்கு உள்ளன. ஜீனின் தொடக்கப் பகுதியில் இவை நெருக்கமாக விழுந்தால் பொதுவாக அந்த ஜீன் மூடிக்கொள்ளும். நம் ஹிட்டன் டிக் இதுதான்.

இரண்டாவது ஹிஸ்டோன். டி.என்.ஏ. நூல் வெறுமனே மிதப்பதில்லை. ஹிஸ்டோன் புரதங்கள் எட்டு சேர்ந்த நூற்கண்டுகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கண்டில் சுமார் 147 எழுத்து நீளம் சுற்றியிருக்கும். கண்டுகள் இறுக்கமாக அடுக்கப்பட்டால் அங்குள்ள ஜீனைப் படிக்க முடியாது, தளர்ந்தால் படிக்கலாம். ஜிப் செய்த ஃபைலை விரித்த பிறகுதான் பயன்படுத்த முடிகிறது அல்லவா, அது போல. எங்கே இறுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்பதற்கும் ஹிஸ்டோன் மீது தனி அடையாளங்கள் உண்டு.

இரத்தத் தொழிற்சாலை

இனி எலும்புக்குள் போவோம். எலும்பு மஜ்ஜையில் நாள் ஒன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் உருவாகின்றன. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள்தான் என்பதால் இந்தத் தயாரிப்பு நிற்கவே கூடாது. வெள்ளையணுக்களும் பிளேட்லெட்டுகளும் இதே இடத்திலிருந்துதான் வருகின்றன.

இத்தனைக்கும் மூலம் இரத்த ஸ்டெம் செல்கள். கனடாவின் டொரான்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குல்லாக் என்ற இருவர் 1961-ல் வெளியிட்ட ஆய்வு இவற்றுக்கு முதல் தெளிவான ஆதாரம் தந்தது. கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜை செல்களைச் செலுத்தினார்கள். மண்ணீரலில் சிறு சிறு கட்டிகள் தோன்றின. ஒவ்வொரு கட்டியும் ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகியது என்று பின்னர் உறுதியானது.

ஒரு மனிதரிடம் இப்படி எத்தனை செல்கள் வேலை செய்கின்றன? 2018-ல் வெளியான ஒரு ஆய்வின் கணக்கு 50,000 முதல் 2 லட்சம் வரை. இந்தச் சிறு கூட்டம்தான் மொத்த உற்பத்தியையும் தாங்குகிறது.

ஸ்டெம் செல் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தன்னைப் போலவே இன்னொரு ஸ்டெம் செல்லை உருவாக்கலாம். மற்றொன்று, இரத்த அணுவாக மாறும் பாதையில் இறங்கலாம். மாஸ்டர் சிடியையும் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும் நகல்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டரையே கொடுத்துவிட்டால் நாளைக்கு நகல் எடுக்க ஒன்றும் இருக்காது. மாஸ்டரை மட்டுமே பெருக்கிக்கொண்டிருந்தால் வேலைக்கு உதவும் நகல் வராது. இரண்டுக்கும் நடுவே சமநிலை வேண்டும். பாதையை மாற்றும்போது ஸ்டெம் செல்லாகவே இரு என்று சொல்லும் ஃபைல்களை மூட வேண்டும். சிவப்பணுவாகு, வெள்ளையணுவாகு என்று சொல்லும் ஃபைல்களைத் திறக்க வேண்டும். அதாவது, டிக் அடையாளங்களை மாற்ற வேண்டும்.

மூன்று புரோகிராம்கள்

செல்லுக்குள் மவுஸ் பிடித்து கிளிக் செய்ய யாரும் இல்லை. சில புரதங்களே புரோகிராம் போல அந்த வேலையைச் செய்கின்றன. மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும்.

டிஎன்எம்டி 3ஏ: புதிய மெத்தில் அடையாளம் இடுவது.

டிஎன்எம்டி 1: செல் இரண்டாகப் பிரியும்போது பழைய அடையாளங்களைப் புதிய நகலிலும் இடுவது. நம் நான்காவது சோதனையில் விண்டோஸ் செய்த வேலை இது.

டெட் 2: அடையாளத்தை எடுக்கத் தொடங்குவது. டெட் குடும்பத்துப் புரதங்கள் இந்த வேலையைச் செய்வதை 2009-ல் ஹார்வர்டில் அஞ்சனா ராவின் ஆய்வுக் குழு வெளியிட்டது.

இந்தப் புரோகிராம்களும் ஜீன்களில் எழுதப்பட்டவையே. அந்த எழுத்தில் பிழை விழுந்தால்? விண்டோஸின் சிஸ்டம் ஃபைல் ஒன்று கெட்ட கதைதான். கெட்டது ஒரு ஃபைல். ஆனால் அது எத்தனையோ மற்ற ஃபைல்களின் அடையாளங்களைக் குழப்பிவிடும்.

2010-ல் அமெரிக்காவில் தீவிர மைலாய்டு லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய் கண்ட 281 பேரின் செல்களைப் பரிசோதித்ததில் 62 பேரிடம் டிஎன்எம்டி 3ஏ ஜீனில் பிழை இருந்தது. அதாவது நூற்றுக்கு 22 பேர். ஹூஸ்டனில் மார்கரெட் குடெல் குழுவினர், எலிகளின் இரத்த ஸ்டெம் செல்களிலிருந்து இந்த ஜீனை நீக்கி, அச்செல்களை எலியிலிருந்து எலிக்கு மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். 2012-ல் வெளியான முடிவு தெளிவானது. அந்த செல்கள் ஸ்டெம் செல்லாகவே பெருகிக்கொண்டு போயின. இரத்த அணுவாக மாறுவது குறைந்தது. ஸ்டெம் செல்லாகவே இரு என்ற ஃபைல்களைச் சரியாக மூட முடியவில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அடையாளம் இடும் புரோகிராம் கெட்டாலும் ஸ்டெம் செல் பெருகுகிறது. அடையாளத்தை எடுக்கும் டெட் 2 கெட்டாலும் பெருகுகிறது. எதிர் எதிர் வேலைகள். விளைவு மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? ஸ்டெம் செல் இரத்த அணுவாக மாற, சிலவற்றை மூடவும் வேண்டும், சிலவற்றைத் திறக்கவும் வேண்டும் என்று பார்த்தோம். இரண்டில் எது தடைபட்டாலும் மாற்றம் பாதியில் நிற்கும். செல் பழைய நிலையிலேயே தங்கிப் பெருகும்.

வயதானால் வரும் ஒன்று

2014-ல் இன்னொரு செய்தி வெளிவந்தது. இரத்த நோய்க்காகத் தேர்ந்தெடுக்கப்படாத 17,182 பேரின் இரத்தத்தில் டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தார்கள். 40 வயதுக்குக் கீழே மிக அரிதாக இருந்த ஒன்று, 70 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருந்தது. எழுத்துப் பிழை விழுந்த ஒரே ஒரு ஸ்டெம் செல்லின் வாரிசுகள் பெருகி, இரத்த அணுக்களில் கணிசமான பங்கைப் பிடித்திருந்தன. அதிகம் பிழை கண்ட மூன்று ஜீன்கள் டிஎன்எம்டி 3ஏ, டெட் 2, ஏஎஸ்எக்ஸ்எல் 1. மூன்றாவது, ஹிஸ்டோன் அடையாளத்தோடு தொடர்புடையது. ஆக, முதல் மூன்றுமே அடையாளம் சார்ந்த புரோகிராம்கள்!

இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். இப்படி உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவானவர்களுக்குத்தான் இரத்தப் புற்றுநோய் வருகிறது. பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. மாரடைப்பு ஆபத்தும் இவர்களுக்குச் சற்று அதிகம் என்று தெரிய வந்திருக்கிறது. எனவே பிரஷர், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைத்திருப்பது இவர்களுக்கும் நல்லது.

அடையாளத்தை எடுக்கும் மருந்து

மருந்தின் பெயர் அசாசிடிடின். 1964-ல் செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரில் தயாரிக்கப்பட்டது. முதலில் இதைச் செல்லைக் கொல்லும் விஷ மருந்தாக, அதிக அளவில்தான் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1980-ல் பீட்டர் ஜோன்ஸ், ஷெர்லி டெய்லர் இருவரும் வேறொன்றை வெளியிட்டார்கள். இந்த மருந்து மெத்தில் அடையாளம் விழுவதைத் தடுக்கிறது. அதனால் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த எலி செல்கள் தசை செல்களாகக்கூட மாறிவிடுகின்றன! அதன் பிறகு குறைந்த அளவில் கொடுத்துப் பார்க்கும் வழி திறந்தது. 2004 மே மாதம் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதை எம்.டி.எஸ். என்ற நோய்க்கு அனுமதித்தது. எம்.டி.எஸ். என்பது மஜ்ஜையில் செல்கள் உருவாகியும் சரியாக முதிராத நிலை. இரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கை குறையும். சிலருக்கு லுகேமியாவாக மாறும்.

மருந்து வேலை செய்யும் விதம் சுவையானது. சி எழுத்தைப் போலவே வேடமிட்டு, நகல் எடுக்கும் நேரத்தில் டி.என்.ஏ.வுக்குள் நுழைந்துவிடும். அடையாளத்தை நகலில் இட வரும் டிஎன்எம்டி 1 இந்தப் போலி எழுத்தைப் பிடித்ததும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். புதிய நகலில் டிக் அடையாளம் விழாது. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அடையாளங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மூடிக்கிடந்த ஃபைல்கள் சில திறக்கும். இதோடு, கெட்ட செல்கள் சிலவற்றை நேரடியாகவும் மருந்து கொல்கிறது.

ஒரே நாளில் பலன் தெரியாததற்குக் காரணம் இதுதான். செல் பிரிந்தால்தான் அடையாளம் போகும். செல்கள் எல்லாம் ஒரே நாளில் பிரிவதில்லை. 28 நாட்களை ஒரு சுற்றாக வைத்து, அதில் 7 நாட்கள் ஊசி போடுவது வழக்கம். குறைந்தது நான்கு முதல் ஆறு சுற்றுகள் முடிந்த பிறகுதான் பலனைப் பற்றி முடிவுக்கு வர வேண்டும் என்பது பொது விதி. ஆரம்பச் சுற்றுகளில் அணுக்களின் எண்ணிக்கை முன்பைவிடக் குறையவும் செய்யலாம்.

எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். எம்.டி.எஸ். வந்த என் பெரியப்பாவுக்கு இரண்டாவது சுற்று முடிந்தபோது பிளேட்லெட் இன்னும் இறங்கியிருந்தது. காசும் போகுது, உடம்பும் போகுது, நிறுத்திடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. பெரியப்பாவும் சரி என்றுவிட்டார். டாக்டர்தான் ஒரு தாளில் படம் போட்டு, செல் பிரிந்து பிரிந்துதான் இது சரியாகும், அவசரப்பட்டால் போட்ட ஊசி எல்லாம் வீண் என்று விளக்கினார். தொடர்ந்து போட்டார்கள். ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு, பத்து நாளைக்கு ஒரு முறை ஏற்றிய இரத்தம் மாதத்துக்கு ஒரு முறை போதும் என்றானது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. ஆனால் காரணம் புரியாமல் பாதியில் நிறுத்துபவர்கள் நிறையப் பேர் என்றார் அந்த டாக்டர்.

புள்ளிவிவரத்தையும் உள்ளபடி சொல்ல வேண்டும். ஆபத்து அதிகமுள்ள எம்.டி.எஸ். நோயாளிகள் 358 பேரிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் 15 மாதங்களைத் தாண்டினார்கள். அசாசிடிடின் பெற்றவர்களில் பாதிப் பேர் 24.5 மாதங்களைத் தாண்டினார்கள். ஒன்பதரை மாதம் கூடுதல். நோய் அடியோடு போய்விடுகிறது என்று இதற்குப் பொருளில்லை. மருந்து அடையாளங்களைத்தான் கலைக்கிறது. புரோகிராமில் விழுந்த எழுத்துப் பிழையைத் திருத்துவதில்லை. மருந்தை நிறுத்தினால் கெட்ட புரோகிராம் மறுபடி தன் வேலையைக் காட்டும். பலன் இருக்கும் வரை தொடர்ந்து போடுவது இதனால்தான்.

உங்களுக்கு எழக்கூடிய கேள்விகள்

எழுத்துப் பிழையையே நீக்க வழி இல்லையா?
எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை உண்டு. கெட்ட ஸ்டெம் செல்களை அழித்துவிட்டு, பொருத்தமான வேறொருவரின் ஸ்டெம் செல்களைச் செலுத்துவார்கள். டிஸ்க்கையே மாற்றுவது போன்றது. இதற்கு வழி வகுத்த அமெரிக்க டாக்டர் டொனால் தாமஸ் 1990-ல் நோபல் பரிசு பெற்றார். வேலூர் சி.எம்.சி.யில் இந்த சிகிச்சை 1986-ல் தொடங்கியது. ஆனால் இது உடம்புக்குக் கடினமான சிகிச்சை. வயதும் உடல்நிலையும் இடம் கொடுக்க வேண்டும்.

வைட்டமின் சி சாப்பிட்டால் டெட் 2 சரியாகுமாமே?
டெட் புரதங்கள் வேலை செய்ய வைட்டமின் சி உதவுகிறது. 2017-ல் வெளியான இரண்டு எலி ஆய்வுகள் இதை இரத்த ஸ்டெம் செல்களிலேயே காட்டின. அதற்காக மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொண்டால் லுகேமியா வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடுங்கள், நல்லதுதான். சிகிச்சையில் இருப்பவர்கள் எந்த மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் சேர்க்கக்கூடாது.

ஸ்டெம் செல்லைப் பெருக்கும் பவுடர் என்று விற்கிறார்களே?
ஸ்டெம் செல் அளவுக்கு மீறிப் பெருகினால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். அளவோடு பெருகுவதும் உரிய நேரத்தில் மாறுவதும்தான் ஆரோக்கியம். அந்த விளம்பரங்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கம்ப்யூட்டர் உதாரணம் முழுக்கப் பொருந்துமா?
இல்லை. ஹிட்டன் என்பது இருக்கிறது, இல்லை என்ற இரண்டு நிலைதான். செல்லில் ஒரு ஜீன் கால்வாசி, அரைவாசி என்றும் திறந்திருக்கலாம். ஒரே ஜீன் மீது பல வகை அடையாளங்கள் ஒரே நேரத்தில் இருக்கும். உதாரணம் வாசல் வரை கொண்டு வரும். உள்ளே இருப்பது இன்னும் விரிவானது.

வீட்டில் யாருக்காவது இந்த சிகிச்சை நடந்தால் டாக்டரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த ஜீனில் பிழை? எத்தனை சுற்று முடிந்த பிறகு பலனைப் பார்ப்பீர்கள்? அதுவரை எண்ணிக்கை இறங்கினால் என்ன செய்ய வேண்டும்? பதிலைத் தேதியோடு ஒரு நோட்டிலோ எக்ஸெல் ஃபைலிலோ குறித்து, ஒவ்வொரு சுற்றின் ஹீமோகுளோபின், பிளேட்லெட் அளவுகளையும் அதன் கீழே எழுதி வாருங்கள். பலன் வருகிறதா, நிறுத்தலாமா என்று பேச வேண்டிய நாளில் அந்தப் பட்டியல் டாக்டருக்கும் உங்களுக்கும் உதவும்.